காய்ச்சல் விட்ட குழந்தை

மூன்று வயது சுபஸ்ரீக்குக் காய்ச்சல் விட்டதும், அவள் அம்மா பிரேமலதா முதல் வேலையாகச் சமயபுரத்துக்குக் கிளம்பச் சொன்னாள். காய்ச்சல் கொதித்தபோது அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். வேண்டுதலைத் தள்ளிப் போடலாமா? ஸ்ரீரங்கத்திலிருந்து சமயபுரம் என்ன தூரமா?

அவளை மட்டும் சொல்லி என்ன? தென்னூர் டாக்டர் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் ஃப்ளூ என்று வந்தது. "காய்ச்சல் விட்டுட்டா பயமில்ல" என்றார். டெங்குவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று அவரே இழுத்தபோது, குழந்தையின் அப்பா சித்தார்த்தன் மறித்தான். "அதான் ஃப்ளூன்னு தெரிஞ்சுடுச்சே சார். பச்சப் புள்ளைய எதுக்குக் குத்தணும்?" அவரும் விட்டுவிட்டார். ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். உடம்புக்கு அந்தப் பழமொழி தெரியாது. கொசுவுக்கும் தெரியாது.

கார் கொள்ளிடம் பாலத்தில் போகும்போதே குழந்தை வாந்தி எடுத்தாள். "வயிறு வலிக்குதும்மா" என்று முனகினாள்.

"வெறும் வயித்துல மருந்து குடுத்தோம்ல, அதான்" என்றான் சித்தார்த்தன்.

பிரேமலதா பிஞ்சுக் கையைப் பிடித்துப் பார்த்தாள். "ஜில்லுனு இருக்குங்க."

"நெருப்பா கொதிச்சதுக்கு இது தேவலையே. ஏசியக் கொறைக்கிறேன்."

கோயில் வரிசையில் குழந்தையின் தலை தோளில் சரிந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தார்கள். முன்னால் நின்ற பெண் திரும்பி, "உதடு ஏங்க இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே ஒரு பெண் டாக்டர் வெளியே வந்து சொன்னார். "ஃப்ளூவும் இருக்கு, டெங்குவும் இருக்கு. டெங்குல காய்ச்சல் விடற நேரந்தாங்க ஆபத்து. கை கால் ஜில்லிட்டப்பவே வந்திருக்கணும்."

"ஒரே சமயத்துல ரெண்டும் வருமா டாக்டர்?" என்று கேட்டான் சித்தார்த்தன்.

"வரும்ங்க."

தென்னூரில் இந்த ஒரு சொல்லை அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா? நினைத்தால் வயிறு எரிகிறது. எரிந்து என்ன பயன்?

மறுநாள் மத்தியானம் சுபஸ்ரீ போய்விட்டாள்.

வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் கொடுத்தார்கள். பிரேமலதா அழவில்லை. நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் வைத்தாள். பிறகு துணியை விலக்கி வயிற்றில் வைத்தாள்.

"கொஞ்சம் சூடு இருக்குங்க. காய்ச்சல் திரும்ப வருது போல. நீங்க தொட்டுப் பாருங்களேன்."

சித்தார்த்தன் கையை நீட்டவில்லை.