ஏணியைப் பிடிக்க ஓர் ஆள்

குருவி மாமா சாப்பாட்டு மேசைமேல் மூன்று மாதிரிகளைப் பரப்பினார். சுட்ட மண் ஓடு ஒன்று, சாயம் பூசிய தகரம் ஒன்று, ஷிங்கிள் எனும் மணல் ஒட்டிய தார்த் தகடு ஒன்று. கூரைமேல் தாவித் தாவி நடப்பதால் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். அப்பாவோடு சேர்ந்து கூரை போட்டவர். அப்பா விழுந்து இறந்த பிறகு தனியாகப் போடுகிறார்.

"உப்புக்காத்துக்கு எது தாங்கும் மாமா?" என்று மகள் கேட்டாள்.

"தகரம் வெட்டின விளிம்புல துரு புடிக்கும். ஓடு நல்லதுதான், ஆனா உங்க பழைய சட்டம் இனிமே அந்தக் கனத்தைத் தாங்காது. இந்தத் தார் ஷிங்கிள்தான் சரி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். துருப்பிடிக்காத ஆணியா, தகட்டுக்கு நாலுக்குப் பதிலா ஆறு அடிச்சா புயலுக்கும் அசையாது."

அம்மா விரலை மடக்கி ஒவ்வொன்றையும் இரண்டு முறை தட்டினாள். ஓடு கிண்ணென்றது. தகரம் அலறியது. ஷிங்கிள் மூச்சே விடவில்லை.

"இது வேண்டாம். மேல தட்டினா கீழ கேக்காது."

"கூரையைக் கண்ணால பாத்து வாங்குவாங்க அண்ணி. நீங்க என்னடான்னா மேளம் வாங்குற மாதிரி..." சிரிக்க ஆரம்பித்தவர், மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த இரண்டு தட்டு அவருக்கும் தெரிந்ததுதான். வேலை முடிந்ததும் அப்பா சுத்தியலால் கூரையை இரண்டு முறை தட்டுவார். 'இறங்கப் போறேன், ஏணியைப் பிடி' என்று அர்த்தம். சொந்த வீட்டுக் கூரையைச் சரிபார்க்க ஏறி விழுந்த அன்று கடற்காற்று ஊளையிட்டது. தட்டினாரோ என்னவோ, யார் காதிலும் விழவில்லை.

அதிலிருந்து கடற்காற்று எழும்பினால் கூரையில் டொக், டொக். அம்மா போட்டது போட்டபடி பின்பக்கம் ஓடுவாள். ஏணி இல்லாத சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். போன தடவை பக்கத்து வீட்டிலிருந்து பறந்து வந்த ஓடு அவள் நெற்றியைக் கிழித்தது. அடுத்தது உச்சந்தலையில் விழுந்தால்? மகளுக்கு வேண்டியது சத்தம் போடாத கூரை. வேறொன்றும் இல்லை.

"ஷிங்கிளே போடுங்க மாமா."

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "உங்கப்பா வாயை அடைக்கப் பாக்குற."

பழைய ஓடுகளைப் பிரித்த அன்று மாமா இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "ஆடுற ஓடுதான் தட்டுதுன்னு நினைச்சேன்மா. ஒரு ஓடுகூட ஆடல. எல்லாம் இறுகிக் கெடக்கு."

"எங்கயாவது ஒண்ணு ஆடியிருக்கும்."

"இருக்கும், இருக்கும்," என்றார், கூரையைப் பார்க்காமல்.

முகட்டு வரிசை மட்டும் பாக்கி இருந்தபோது கடலிலிருந்து காற்று கிளம்பியது. மீதி நாளைக்கு என்று மாமா சாமான்களை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். ஏணி பின்பக்கச் சுவரில் சாய்ந்தபடியே நின்றது.

சாயங்காலம் காற்று வலுத்தது. அம்மா நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூரை வாய் திறக்கவில்லை. மெல்ல அவள் தலை சாய்ந்தது. தூங்கிப்போனாள். மகளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஜன்னலைச் சாத்த எழுந்தாள்.

டொக், டொக்.

அம்மா அசையவில்லை. மறுபடியும் இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுமையிழந்து.

மகளின் கால்கள் தாமாகப் பின்பக்கம் போயின. மேலே யாரும் இல்லை. ஏணி காற்றில் ஆடிச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. அட, இதுதானா! அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தத்தை நிறுத்த இரு பக்கமும் பிடித்தாள்.

ஏணி கனத்தது.

மேல்படி முனகியது. பிறகு அதற்கடுத்த படி. விட்டுவிட்டு ஓடலாம் போலிருந்தது. விட்டால் விழுந்துவிடுவாரே! பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். கனம் ஒவ்வொரு படியாக இறங்கி அவள் முகத்துக்கு நேரே வந்தது, தாண்டியது. கடைசிப் படியும் முனகி ஓய்ந்தது. ஏணி சட்டென்று லேசாகிவிட்டது.

பின்வாசலில் அம்மா நின்றிருந்தாள், தூக்கம் கலைந்த முகத்தோடு.

"இறங்கிட்டாரா?"

மகளால் கையை எடுக்க முடியவில்லை. "இறங்கிட்டார்மா."

"அப்ப உள்ள வா. காத்துல நிக்காத."