ஏழு வளவுகளின் படம்

றஸ்னாவுக்குப் படம் கீற வராது. ஆட்டைக் கீறினால் மேசையா என்று கேட்பார்கள். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை காலை ஏழு பெரிய வெள்ளைத் தாள்களையும் இரண்டு பெட்டி கலர்ப் பென்சில்களையும் தூக்கிக்கொண்டு, சாய்ந்தமருதில் கடலைப் பார்த்துப் போகும் அந்த ஒழுங்கைக்குள் வந்தாள் என்றால், வேறு வழியெல்லாம் அடைபட்டுத்தான் வந்தாள்.

பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீரை ஆராய்கிறவள் அவள். ஒரு வருடமாக அந்த ஒழுங்கையின் ஏழு வீட்டுக் கிணறுகளிலும் மாதம் தவறாமல் போத்தலில் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்தாள். பத்து நாளைக்கு முன் முடிவைச் சொல்ல மதரசா மண்டபத்தில் பெண்களைக் கூட்டினாள். சுவரில் கோடு கோடாய் வரைபு காட்டினாள். நைத்திரேற்று என்றாள், லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்றாள், ‘கிணறு இலக்கம் நான்கு’ என்பதைச் சுற்றிச் சிவப்பு வட்டமும் போட்டாள். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். முடிந்ததும் ஒருத்தி எழும்பி, “மாஷா அல்லாஹ், நல்லாக் கதைச்ச புள்ள. எப்ப கலியாணம்?” என்று கேட்டாள். அவ்வளவுதான் ஆராய்ச்சிக்குக் கிடைத்த மதிப்பு. மறுநாளும் அதே கிணறு, அதே வாளி.

நாலாம் இலக்கம் யாருடைய கிணறு என்று ஒருவரும் கேட்கவில்லை. றஸ்னாவும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்காமல் விட்டது அவளுக்குப் பெரிய ஆறுதலாயும் இருந்தது.

ஏனென்றால் நாலாம் இலக்கம் சபூறா மாமியின் கிணறு. ஒழுங்கையிலேயே இனிப்பான தண்ணீர். மாமியின் கணவர் மக்கீன் ஆறு வருடத்துக்கு முன் மௌத்தாகும் முன்னர், அந்தக் கிணற்றுக்கு ஒரு மோட்டர் பூட்டி, மதிலைத் துளைத்து, ஒழுங்கையில் போகிறவர் வருகிறவர் குடிக்க ஒரு பைப் வைத்துவிட்டுப் போனார். பிள்ளை இல்லாத வீடு. வாப்பாவுக்காகக் கையேந்தித் துஆக் கேட்க ஒரு பிள்ளை இல்லையே என்ற மாமியின் கவலையை அந்தப் பைப்தான் ஆற்றிக்கொண்டிருந்தது. அதில் யார் குடித்தாலும், ஒவ்வொரு மிடறுக்கும் மண்ணுக்குள் கிடக்கும் மனிசனுக்கு நன்மை போய்ச் சேரும் என்று மாமி நம்பினார். மாதாமாதம் தண்ணீர் எடுக்கப் போகும் றஸ்னாவுக்கும் ஒரு கிளாஸ் நிறைத்துக் கொடுத்து, குடித்து முடியும்வரை நின்று பார்ப்பார். இந்த மனுசியிடம் போய், உங்கள் கணவர் சதகாவாக விட்டுப்போன தர்மம்தான் ஊரிலேயே பழுதான தண்ணீர் என்று எந்த வாயால் சொல்வது?

ஒரே ஒருத்திக்கு மட்டும் றஸ்னா சொல்லியிருந்தாள். மாமியின் கிழக்குப் பக்கத்து வீட்டு நதீராவுக்கு. அவளுடைய கிணறு உப்பு. மூன்று மாதக் குழந்தைக்குப் போத்தல் பால் கரைப்பதும் மாமி அனுப்பும் தண்ணீரில்தான். நீர்ச் சபையின் குழாய்த் தண்ணீரைக் குளோரின் மணக்குது என்று அந்த ஒழுங்கையில் குளிக்கத்தான் எடுப்பார்கள். “மணந்தாலும் பரவாயில்ல, புள்ளக்கு அதையே குடு” என்று றஸ்னா அவளுடைய காதுக்குள் சொல்லியிருந்தாள்.

சபூறா மாமியின் விறாந்தையில் பாய் விரித்து ஏழு வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். ஆளுக்கொரு தாள்.

“உங்கட உங்கட வளவைக் கீறுங்க. ஒழுங்கை கீழ்ப்பக்கம், கிழக்கால கடல், அது வலக்கைப் பக்கம். வீடு, கிணறு, மரம், கக்கூஸ் குழி எல்லாம் வரணும்” என்றாள் றஸ்னா.

“தௌபா! கக்கூஸையுமா படம் கீறுற?” என்று ஒருத்தி வாயைப் பொத்த, சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தலைகள் குனிந்தன. ஒருத்தியின் தாளில் ஆடு வீட்டை விடப் பெரிதாக நின்றது. மாமியின் மேற்குப் பக்கத்து வீட்டு ஜெனூபா, மகளின் அடிமட்டத்தை வாங்கி வந்து கோடு பிசகாமல் கீறினாள். சபூறா மாமி முதலில் கிணறு, அடுத்து பைப், கடைசியாகத்தான் வீடு என்று கீறினார். றஸ்னா கீறிக் காட்டிய தென்னையைப் பார்த்து, “இதென்ன மகள், விளக்குமாறா?” என்றார். றஸ்னா மாமியின் சிரிப்பைப் பார்க்க மாட்டாமல் பென்சில் பெட்டிக்குள் குனிந்தாள்.

குழி எங்கே இருக்கிறது என்பதில் ஏழு வீட்டிலும் பேச்சே இல்லை. தொழுகிற திசையான கிப்லா மேற்கே இருக்க, அந்தப் பக்கம் கக்கூஸ் வைக்க யாருக்கு மனம் வரும்? ஏழு பேரும் கிழக்கு மூலையில், மதிலோடு ஒட்டி வைத்திருந்தார்கள். குடிக்கிற கிணறு குழிக்கு எட்டத்தில் இருக்க வேண்டும் என்று, அதை மேற்கு மூலையில் தோண்டியிருந்தார்கள். அவரவர் வளவுக்குள் பார்த்தால் ஒரு பிழை இல்லை.

தாள்களை வரிசையாக வைத்து ஒட்டியதும்தான் சங்கதி தெரிந்தது. ஒவ்வொரு வீட்டுக் குழியும் அடுத்த வீட்டுக் கிணற்றோடு தோள் உரசிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மதில்கோடு, அவ்வளவுதான். றஸ்னா நிதானமாகப் பேசத் தொடங்கலாம் என்று நினைத்து வைத்திருந்த பேச்செல்லாம் வீணாய்ப் போயிற்று.

மாமிதான் முதலில் வாய் திறந்தார். “மண்ணுக்குள்ள தண்ணி நிண்ட இடத்திலயா நிக்கும்?”

“இல்ல மாமி. மெல்ல மெல்லக் கடலப் பாத்துப் போகும்.”

“மதில்?”

“மதில் மேலதானே மாமி இரிக்கி. கீழால போற தண்ணிக்கு மதில் தெரியாது. மோட்டர் இழுக்கிற கிணத்துக்கு இன்னும் கெதியா வரும்.”

மாமி நீலப் பென்சிலை எடுத்தார். ஜெனூபாவின் குழியில் ஊன்றி, மதில்கோட்டைத் தாண்டி, தன் கிணற்றுக்குள் இழுத்தார். அங்கிருந்து பைப் வரைக்கும் கொண்டுவந்தார். பிறகு பென்சிலை வைத்துவிட்டார்.

“காய்ச்சிக் குடிச்சா?” என்று யாரோ கேட்டார்கள்.

“காய்ச்சினாலும் குழியால வாற இந்த நைத்திரேற்று உப்புப் போகாது, இன்னும் கூடும். பெரிய ஆக்களுக்கு உடன ஒண்டும் தெரியாது. போத்தல் பால் குடிக்கிற பிஞ்சுகளுக்குத்தான் ஆபத்து. ரத்தத்தில காத்து ஏறாது, உடம்பு நீலம் பாயும்.”

மாமி நிமிர்ந்தார். “நாலாம் நம்பர் என்ட கிணறா மகள்?”

“ஓம் மாமி.”

“எப்ப தெரியும்?”

“பதினஞ்சு நாளா.”

“நேத்துப் பகலும் வந்து ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போனாயே!”

மாமியின் பார்வை நதீராவின் மடியில் கிடந்த குழந்தைக்குப் போனது. “அல்லாஹ்வே, இவனுக்கு ஒவ்வொரு நாளும் விடிய ஒரு வாளி தந்தனே!”

நதீரா அழுதுவிட்டாள். “குடுக்கல்ல மாமி. பத்து நாளா முருங்கைக்குத்தான் ஊத்துறன். உங்களுக்கிட்டச் சொல்ல வாய் வரல்ல.”

“உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்லல்ல.” மாமி றஸ்னாவிடம் திரும்பினார். அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும், போடவில்லை. “என்ட மனசு நோகும் எண்டு பாத்தாய் மகள். பைப்படில வந்து குடிச்ச சனத்திட வயித்தப் பாக்கல்லயே நீ.”

வரைபு, மில்லிகிராம், சிவப்பு வட்டம் எல்லாம் தெரிந்த றஸ்னாவுக்கு, இத்தனை நாளாய்த் தான் அன்பு என்று நினைத்துச் செய்த காரியம் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. “பிழைதான் மாமி” என்றாள்.

“ஆறு வருசம்” என்றார் மாமி, யாரிடமும் இல்லாமல். “அவருக்கு நான் என்னத்த அனுப்பினன்?”

“அது எனக்குத் தெரியாது மாமி. தண்ணிக்குள்ள என்ன இரிக்கி எண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும்” என்று சொல்லும்போது றஸ்னாவும் அழுதாள்.

ஜெனூபா இருந்த இடத்திலேயே குறுகிப் போயிருந்தாள். “நான் அறிஞ்சு செய்யல்ல ராத்தா…” என்று தொடங்கினாள். மாமி கையைக் காட்டி நிறுத்தினார். படத்தில் தன் குழியைத் தொட்டார். அதையும் மதிலுக்கு அங்கால் நதீராவின் கிணற்றோடு நீலத்தால் இணைத்தார். “நான் மட்டும் அறிஞ்சா செஞ்சன்?” என்றார். பிறகு உள்ளே போய் மோட்டரின் சுவிட்சை அணைத்தார்.

அசர் தொழுகைக்குப் பிறகு மாமி பைப்படியில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏழு தாளையும் ஒரு நீளமாக ஒட்டிய படத்தை மதிலில் ஆணி அடித்துத் தொங்கவிடச் சொன்னார். றஸ்னாதான் அடித்தாள். முதல் ஆணி வளைந்து போக, “இதுவும் தெரியாதா உனக்கு?” என்று மாமி ஒரு சொல் சொன்னார். அந்த ஒரு சொல்லில் றஸ்னாவுக்கு உயிர் வந்தது.

தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்துகொண்டிருந்த அச்சிமுகம்மது காக்கா பழக்கத்தில் குனிந்து பைப்பைத் திறந்தார். மக்கீனோடு ஒரே தோணியில் கடலுக்குப் போன மனிசன். தண்ணீர் வரவில்லை.

“மோட்டர் பழுதா?”

“இல்ல. நான்தான் மூடின. தண்ணி குடிக்கக் கூடாது.”

“மக்கீன்ட பைப்பையா மூடின நீங்க?” அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “அவன் உசிரோட இரிந்தா…”

“அவர் இரிந்தா எனக்கு முந்தி மூடியிருப்பார்” என்றார் சபூறா மாமி.

அச்சிமுகம்மது காக்கா பைப்பை மூடிவிட்டு நிமிர்ந்தார். மாமி எழும்பிப் படத்தின் கிட்டப் போனார். மாமியின் விரல் ஜெனூபாவின் தாளுக்குப் போகவில்லை, அதைத் தாண்டி வந்து நாலாவது தாளில் நின்றது.

“இந்தா பாருங்க, இதுதான் என்ட கக்கூஸ் குழி. இதிலிரிந்து நதீராட கிணத்துக்குப் போகுது. இப்பிடித்தான் எல்லா வளவும்…”

தன் வீட்டு வாசல் கடப்படியில் அரைவாசி மறைந்து நின்ற ஜெனூபா, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கி வந்தாள். காக்காவைப் பார்க்காமல், மாமியையும் பார்க்காமல், அடிமட்டம் வைத்துத் தான் கீறிய தாளில் விரலை வைத்தாள்.

“இது என்ட குழி. ராத்தாட கிணத்துக்கு இதிலிரிந்துதான் போகுது” என்றாள்.

மாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை விடாமலே, அடுத்து வந்த ஆளுக்கும் முதலில் இருந்து சொல்லத் தொடங்கினார்.