உதானியிடம் விலை சொல்வதில்லை

1979 ஜூலையில், தான்சானியாவின் தெற்கே சிங்கோலே கிராமத்தில், பின்லாந்து நாட்டு உதவியில் அடிபம்பு போடப்பட்டது.

போட்டவன் பெயர் தவுனோ. தண்ணீர் கிடைப்பதற்குள் ஊர் அவனை உதானி ஆக்கிக்கொண்டது. மச்சான் முறை மாதிரிதான் அது. உதானிகள் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டலாம், அடுப்பில் வேகும் கிழங்கை எடுத்துக்கொண்டு போகலாம். விலை, கணக்கு என்று தங்களுக்குள் பேசக் கூடாது.

"வெள்ளைத் திருடன் வந்துட்டான், கோழியை அடைங்கடி!" என்று குடத்தோடு நின்று கத்துவாள் சொமோயே. அப்போது அவள் புதுப்பெண்.

"உன் கோழியும் உன்னை மாதிரியே எலும்பு. எவன் திம்பான்?" என்பான் தவுனோ, அரைகுறை சுவாஹிலியில். அவள் முறத்திலிருந்து முந்திரிப் பருப்பை அள்ளிக்கொண்டு நடப்பான். அவள் போய் அவன் கூடாரத்துச் சர்க்கரையை எடுத்து வருவாள். பம்பு என்ன விலை என்று ஊரும் கேட்டதில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது, "எங்க ஆளு யாரு வந்தாலும் உனக்கு உதானிதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

2016இல் பின்லாந்திலிருந்து ரீக்கா வந்தாள். உதவிக்கு அல்ல, முந்திரி வாங்க. சொமோயே இப்போது பருப்பு உடைக்கும் பெண்கள் சங்கத்தின் தலைவி. ரீக்கா வாங்கினால் ஆண்டு முழுக்க எல்லோருக்கும் வேலை. இல்லையென்றால் கொட்டையை உடைக்காமலே ஏலத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

"திருடி இறங்கிட்டா, கோழியை அடைங்கடி!" என்று கத்தினாள் சொமோயே.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சங்கச் செயலாளர் நந்தோண்டே, "உங்களை வரவேற்கிறார்" என்று மொழிபெயர்த்தான்.

ரீக்கா பருப்பைக் கடித்துப் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்கு. கிலோ என்ன விலை?"

"தவுனோ ஊர்க்காரிகிட்ட விலையா? மூட்டையைத் தூக்கிட்டுப் போகச் சொல்லு."

"அத்தை, விலையைச் சொல்லுங்க. வியாபாரத்துக்கு வந்திருக்காங்க" என்றான் நந்தோண்டே.

"போடா. உதானிகிட்ட விலை பேசினவள்னு ஊர் என் மூஞ்சியில துப்பும். அவ எடுத்துட்டுப் போகட்டும், பதிலுக்கு அவளும் நமக்குச் செய்வா."

ரீக்கா அந்த மூட்டையைப் பரிசு என்று நினைத்து, நெகிழ்ந்து நன்றி சொல்லி வண்டி ஏறிப் போனாள்.

மழை வரும்வரை சொமோயே காத்திருந்தாள். ஆர்டர், விலை சொன்ன பக்கத்து மாவட்ட ஆலைக்குப் போயிருந்தது. சங்கத்தின் கொட்டை ஏலத்துக்குப் போனது. அன்று சாயங்காலம் பம்படியில் உட்கார்ந்து, தேய்ந்து பளபளத்த கைப்பிடியிடம் சொன்னாள்: "தவுனோ, உங்க ஊர்ல உன்னை மாதிரி ஒரு திருடன்கூட மிச்சமில்லையா?"

மறு ஆண்டு ரீக்கா மீண்டும் வந்தாள். சொமோயே, "வாங்கம்மா" என்று நாற்காலி போட்டாள். அவள் உட்காருவதற்குள் விலையைச் சொன்னாள். ரீக்கா குறைத்துக் கேட்டாள். சொமோயே கொஞ்சம் இறங்கினாள்.

ஆர்டர் சங்கத்துக்குக் கிடைத்தது. அன்று யாரும் யாரையும் திட்டவில்லை.