கனைப்பு

ஆறு பாடத்திலும் நூற்றுக்கு நூறு. கல்லூரி அலுவலகத்து எழுத்தர் மதிப்பெண் பட்டியலை இரண்டு முறை படித்தார்.

"வீட்டுல யாரும்மா பாடம் சொல்லிக்குடுத்தது?"

"அப்பா."

"மார்க் போட்டது?"

"அப்பாதான்."

"காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. காலேஜுக்கு அது போதாதும்மா."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அவளுக்குக் காது சுட்டது.

அப்பா பொய் எழுதவில்லை. அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவர் அவர், வேலை வீட்டிலேயே. மூச்சுத் தொல்லையால் ஏழு வயதில் அவள் பள்ளியை விட்டு நின்றதிலிருந்து அவர் மேசையின் மறுபாதி அவளுடையது. தப்பு வந்தால் அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும். சரியாக வரும்வரை அடுத்த பக்கம் கிடையாது. பத்து வருட நோட்டுகளில் ஒரு தப்புகூட மிஞ்சவில்லை. நூறு போடாமல் அவர் வேறென்ன போடுவார்?

எழுத்தர் விதியைச் சொன்னார். வீட்டில் படித்தவர்கள் வீட்டிலேயே மூன்று மணி நேரம் வைத்துக் கணக்குத் தேர்வு எழுதி, சொல்லிக்கொடுத்தவர் திருத்திக் கையெழுத்துப் போட்ட விடைத்தாளை இணைக்க வேண்டும்; கல்லூரி அதைச் சரிபார்க்கும். அறுபதுக்குக் கீழே என்றால் விண்ணப்பம் செல்லாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். பழைய வினாத்தாள் இரண்டு கொடுத்தார். இரண்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

புதன்கிழமை எழுதினாள். அப்பா எதிரே அச்சுத்தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திருத்தியதில் தொண்ணூற்று நான்கு வந்தது.

"இப்ப என்ன சொல்லுவாராம் அந்த எழுத்தர்?" என்றார் அப்பா.

அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நர்ஸ் உடுப்பில் வாசலில் நின்று கேட்டாள்: "எத்தனை தடவ கனைச்சீங்க?"

"நானா?"

"அஞ்சு தடவ. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எனக்குச் சளி."

"பத்து வருஷமாவா?"

அப்பா முழித்தார். நிஜமாகவே அவருக்குத் தெரியாது. எழுத்து தலைகீழாக இருந்தாலும் அவர் கண் பிழையில்தான் போய் நிற்கும். தொண்டை தானாகக் கனைக்கும். அந்தச் சத்தத்துக்கு அவள் கை தானாக ரப்பரை எடுக்கும். ஐந்து முறை எடுத்திருக்கிறது. அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"இது நாம ரெண்டு பேரும் எழுதினதுப்பா," என்றாள்.

வியாழக்கிழமை அம்மா அவரிடம் சட்டையை எடுத்து நீட்டினாள். "காலேஜ் அவளுக்கு. உங்களுக்கில்ல. மூணு மணி நேரம் எங்கயாவது போய்ட்டு வாங்க."

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். இரண்டாவது வினாத்தாளை எடுத்து, முதல் கணக்கில் ஒரு வரி எழுதினாள். நின்றாள். அடுத்த வரி. மறுபடி நின்றாள். வீடு ஒன்றும் சொல்லவில்லை. சரியென்றால் அமைதி, தப்பென்றால் கனைப்பு என்றே பழகியவளுக்கு, இது எந்த அமைதி என்று பிடிபடவில்லை. அரைமணி இப்படியே போயிற்று. பிறகு விடையைக் கொண்டுபோய்க் கேள்வியில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அழிக்க நேரமில்லாமல் குறுக்கே கோடு போட்டாள். பார்க்க அசிங்கமாக இருந்தது. மேலே எழுதினாள்.

அப்பா வந்து திருத்தினார். அறுபத்து மூன்று. பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தத் தொண்ணூத்தி நாலையே குடுத்துடலாம். அதுவும் உன் கையெழுத்துதானே?"

"வேணாம்பா."

"மார்க் வரிசைலதான் கூப்பிடுவாங்க. வால்ல நிக்கணும். சீட்டு கைக்கு வராமயே போகலாம்."

"நிக்கறேன். சீட்டு கிடைச்சாலும் அங்க எதிர்ல நீங்க இருக்க மாட்டீங்கல்ல."

அவர் பேனாவை எடுத்தார். அறுபத்து மூன்று என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதி, கையெழுத்துப் போட்டார். பிறகு ஏழாவது கணக்கின் மேல் விரலை வைத்தார்.

"இதுல நீ எங்க சறுக்கினேன்னு மட்டும் சொல்லட்டுமா?"

"சொல்லாதீங்க. போற வழியில பஸ்ல பாக்கறேன்."