சிவக்காத பழம்

கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் லிடியாவுக்கு நிரந்தர நர்ஸ் வேலை கிடைத்தது. பிறந்த ஊருக்கே போகிறாள் என்று உறவெல்லாம் சந்தோஷப்பட்டது. கணவன் டென்னிஸும் சிரித்த முகத்தோடுதான் அவளை பஸ் ஏற்றிவிட்டான். அதன்பிறகு, கீழே கம்பெனிகள் நிறைந்த வல்லம் வடகாலில் இருவரும் இருந்த வாடகை வீட்டுக்குள் நுழையவே அவனுக்குக் கால் வரவில்லை. ஷிப்ட் முடிந்தாலும் ஓவர்டைம் கேட்டு வாங்கி கம்பெனியிலேயே மெஷின்களோடு கிடந்தான்.

வீட்டின் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் லிடியா சின்னதாக ஒரு தோட்டம் போட்டிருந்தாள். கறிவேப்பிலை, கத்தரி, ஒரு தெர்மாகோல் பெட்டியில் காட்டு ஸ்ட்ராபெரி. அது அவளுடைய அம்மா வீட்டுக்குப் பின்னால் சோலை ஓரத்தில் தானாக முளைக்கிற செடி. ஈரக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். இங்கே இலை விட்டதே தவிர பூக்கவில்லை.

"தண்ணி மட்டும் ஊத்துங்க, போதும்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

டென்னிஸுக்குச் செடிகொடி பழக்கமில்லை. ஆனாலும் தினமும் ஊற்றினான். வெயில் ஏறினால் பெட்டியைச் சுவர் நிழலுக்கு நகர்த்தினான். அவளுடைய பழைய காட்டன் புடவையை நனைத்து மேலே பந்தல்போலக் கட்டினான். எதிர்வீட்டு இந்திராணியக்கா அதைப் பார்த்து, "இன்னா தம்பி, கொழந்தைக்குத் தூளி கட்டிக்கினு கீறியா?" என்றாள். அவன் புடவை முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

மழை ஓய்ந்து பனி இறங்கிய கார்த்திகையில் வெள்ளையாக ஒரு பூ வந்தது. பிறகு ஒரு காய். லிடியாவிடம் அவன் மூச்சு விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது அவளே பார்க்கட்டும் என்றிருந்தான். கூட வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தி பிரசவ லீவில் போனதால் லிடியாவுக்கு டூட்டி விழுந்தது. அவள் வரவில்லை.

காய் பருத்தது. நிறம் மட்டும் மாறவேயில்லை. சிவக்கும் சிவக்கும் என்று அவன் காலையும் மாலையும் போய்க் குனிந்து பார்த்தான். கடைசியில் ஒருநாள் வீடியோ காலில் பெட்டிப் பக்கம் போனைத் திருப்பினான்.

லிடியா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"இது செவக்காதுங்க. வெள்ளையாத்தான் பழுக்கும். மோந்து பாருங்க."

முகர்ந்தான். நன்றாகக் கனிந்த வாழைப்பழ வாசம் மாதிரி இருந்தது.

"நீ வர்ற வரைக்கும் உட்டு வைக்கட்டுமா?"

"அழுகிப்போயிடும். சாப்பிடுங்க, நான் பாக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்டிருக்க அதை வாயில் போட்டான். விழுங்க மனமில்லாமல் நாக்கிலேயே வைத்திருந்தான்.

"எப்படி இருக்கு?"

"நீயே சாப்ட்ருக்கணும்," என்றான். அவள் திரைக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பங்குனியில் இலைகள் ஓரம் கருகத் தொடங்கின. இந்தக் கோடையை அது தாங்காது, இங்கே கொண்டுவந்துவிடுங்கள் என்றாள் லிடியா. இதையும் அனுப்பிவிட்டால் வீட்டில் அவளுடையது என்று என்ன இருக்கும் என்று அவன் தள்ளிப்போட்டான். ஒரே வாரத்தில் பாதிச் செடி காய்ந்தது. அப்புறம் லீவு சொல்லிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலையேறினான்.

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் பின்னால் இரண்டு பேரும் சேர்ந்தே நட்டார்கள். மலை மண் கையில் சில்லென்று இருந்தது.

"நானும் இங்கயே இருந்துட்டா?" என்றான் டென்னிஸ், மண்ணை அழுத்திக்கொண்டே.

"இருந்துடுங்க," என்றாள். விளையாட்டுக்குச் சொன்ன குரல் இல்லை. "டீ பேக்டரியில மெக்கானிக் வேலை இருந்தா கேட்டுப் பாக்கறீங்களா?"

"கேக்கறேன்."

திங்கட்கிழமை காலை ஷிப்ட்டுக்குக் கீழே கம்பெனிக்குத் திரும்பி வந்துவிட்டான். டீ பிரேக்கில் மெஷின் லைனை விட்டு வெளியே வந்து, லிடியா கொடுத்த டீ பேக்டரி நம்பருக்குப் போன் போட்டான். இப்போது ஆள் தேவையில்லை, மழை பிடித்து இலை வரத்து கூடியதும் கேளுங்கள் என்றார் மேனேஜர்.

"மழ எப்போ சார் புடிக்கும் அங்க?" என்று கேட்டான் டென்னிஸ்.