பன்னிரண்டாம் நம்பர் ஜெர்சி

எங்கள் மாடி வீட்டு முன்னறையில் அன்று சாயங்காலம் கால் வைக்க இடமில்லை. நாற்காலி, கட்டில், தரை, எங்கே பார்த்தாலும் ஆண்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். அதைவிடப் பெரிய உத்தியோகம், எங்கள் ஊர் ஃபுட்பால் டீமுக்குக் கொடி பிடிப்பது. அந்தக் கூட்டத்துக்கே அவர்தான் தலைவர். அதனால் டீம் ஜெயித்தாலும் தோற்றாலும் டீ போடுவது என் தலையெழுத்து.

அன்று ஆட்டமே இல்லை. மதியம் லீக் ஆபீஸிலிருந்து தீர்ப்பு வந்திருந்தது. எங்கள் டீமின் பாயிண்டுகளை வெட்டிவிட்டார்கள். மேல் டிவிஷனுக்குப் போகவேண்டிய டீம் நடு வரிசைக்குச் சரிந்துவிட்டது. காரணம் இதுதான். போன வார ஆட்டத்தில் கடைசி நேரத்தில் அவசரமாக இறங்கியவன், தன் பதினேழாம் நம்பர் ஜெர்சிக்குப் பதிலாகப் பன்னிரண்டாம் நம்பரை மாட்டிக்கொண்டு ஆடிவிட்டான். பன்னிரண்டாம் நம்பர்க்காரனுக்கோ அன்று தடை. முந்தின ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கியவன். தடையில் இருக்கும் நம்பர் மைதானத்தில் இறங்கியது குற்றம், ஜெர்சிக்குள் இருந்த ஆள் யார் என்பது எங்களுக்கு வேண்டாத விஷயம் என்று லீக் கையை விரித்துவிட்டது. அப்பீலுக்கும் வழியில்லை என்றார்கள்.

“ஒரு துணிக்காக பாயிண்ட வெட்டுவானுங்களா? எல்லாம் வயித்தெரிச்சல்டா!” என்று விசில் கத்தினான். மைதானத்தில் காது கிழிய விசிலடிப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். “லீக் ஆபீஸ் கண்ணாடி ஒண்ணு மிஞ்சக் கூடாது.”

“அங்க போலீஸ் நிக்குது,” என்றான் என் தம்பி. அந்தக் கூட்டத்திலேயே ரத்தம் கொதிக்கிறவன் அவன்தான். “லீக்க விடு. அந்த ஜெர்சிய எடுத்து வச்சது யாரு? அத மொதல்ல சொல்லு. அந்தக் கைய ஒடிக்கணும்.”

டீத் தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். ஏனென்றால் அந்தக் கை என்னுடையது.

டீமின் துணியைத் துவைப்பவள் நான். அது ஊருக்கே தெரியும். பின்னறையில் இரண்டு மெஷின், இஸ்திரி மேஜை, குறுக்கும் நெடுக்கும் காயப்போடும் கயிறு. துவைப்பதோடு என் வேலை முடிந்தது, ஆளாளுக்குப் பிரித்து வைப்பது பை அண்ணன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். டீமின் சாமான் பைகளைச் சுமக்கிறவர் அவர். முட்டி தேய்ந்துபோய் நொண்டி நடப்பார். மைதானத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனிக்கட்டையாக இருக்கிறார். பாவம், குனிந்து நிமிர முடியவில்லையே என்று, ஒவ்வொருவனுக்கும் ஜெர்சி, டவுசர், காலுறை சேர்த்துப் பொட்டலமாக நானே கட்டிவிடுவேன். அவர் அப்படியே அலமாரியில் அடுக்குவார்.

போன வாரம் விடாத மழை. பதினேழு காயவே மாட்டேன் என்றது. எனக்கு நம்பர் ஒரு பொருட்டா? துணி துவைக்கிறவள் அளவு பார்த்துத்தான் பிரிப்பாள், அழுக்கு பார்த்துத்தான் ஊறப்போடுவாள். பன்னிரண்டும் பதினேழும் ஒரே அளவு. பன்னிரண்டுக்காரன்தான் இந்த வாரம் ஆடப்போவதில்லையே, அது சும்மாதானே தொங்குகிறது என்று எடுத்து வைத்தேன். ஈரத்தைப் போட்டுப் பிள்ளைக்குச் சளி பிடிக்கக் கூடாதாம், அவ்வளவு நல்லெண்ணம் எனக்கு! என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

தீர்ப்பு வந்ததுமே பை அண்ணன் போன் செய்திருந்தார். “தங்கச்சி, நீ வாயத் தொறக்காத. யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்.” சரி அண்ணே என்று வைத்துவிட்டேன். அப்போது அப்பாடா என்றிருந்தது.

முன்னறையில் சத்தம் சட்டென்று அடங்கியது. என் வீட்டுக்காரர் பேசினார்.

“ஜெர்சி எடுத்து வைக்கறது பை அண்ணன் வேலதானே. வேற யாரு?”

சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொட்டலம் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து காலுறைக்கு ஜோடி தேடித் தருகிற மனிதர் அவர். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

“எதிர் டீம்காரன் சொல்லித்தான் செஞ்சிருப்பான்,” என்றான் விசில். “ரெண்டு தட்டு தட்டினா கக்கிடுவான்.”

எல்லோரும் எழுந்தார்கள். சுவரில் சாய்த்திருந்த கம்புகளை எடுத்து, கொடிகளை அவிழ்த்துக் கட்டிலில் போட்டார்கள். அதைக்கூட மடித்துத்தான் போட்டார்கள். கொடியில்லாத கம்பை அவர்கள் கையில் நான் அதுவரை பார்த்ததே இல்லை.

என் வீட்டுக்காரரைச் சமையலறைக்குள் இழுத்தேன். “என்னங்க இது? தப்பு யாருதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். நீ உள்ள இரு.”

“அவருக்கு நடக்கவே முடியாதுங்க.”

“நாலு அடி வாங்கினா செத்துட மாட்டாரு. உன் பேரு வெளிய வந்தா இந்தத் தெருவுல நாம குடியிருக்க முடியுமா? உன் தம்பி பேசினதக் கேட்டல்ல?”

பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டே பாட்டுப் பாடுகிற ஆள், பயந்துபோயிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போய்விட்டது.

அவர்கள் தடதடவென்று படியிறங்கினார்கள். நான் பை அண்ணனுக்குப் போன் போட்டேன். விரல் வழுக்கி வேறு யாருக்கோ போய், மறுபடியும் போட்டேன்.

“அண்ணே, கூட்டமா வராங்க. கதவப் பூட்டிட்டு எங்கயாவது போயிடுங்க.”

“இந்தக் கால வச்சுக்கிட்டு எங்கம்மா போறது?” என்று சிரித்தார். “வரட்டும், வரட்டும். எல்லாம் நம்ம பசங்கதானே.”

அந்த ஒரு வார்த்தை என்னை உட்கார விடவில்லை. செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன். அவர்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள்.

“நில்லுங்க! அந்த ஜெர்சிய வச்சது நான். பை அண்ணன் இல்ல!”

விசில் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். “அண்ணி, பாவம் பாக்கவேண்டிய ஆளா அவன்? நீங்க உள்ள போங்க.”

“அவளுக்கு இளகின மனசுடா,” என்றார் என் வீட்டுக்காரர் அவசரமாக. “அதான் பழியத் தன் மேல போட்டுக்கறா. நீங்க நடங்க.”

அவர்கள் நடந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சொல்லியாகிவிட்டது, நம்பவில்லை என்றால் நான் என்ன செய்ய, உள்ளே போ என்று கால் சொன்னது. சீ, இவ்வளவுதானா நான் என்றிருந்தது. ஆனாலும் உள்ளே போகக் கதவைப் பிடித்துவிட்டேன்.

என் தம்பி மட்டும் நகரவில்லை.

“மாமா,” என்றான். “எங்கக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னா மூஞ்சியே காட்டிக்குடுத்துடும். பாருங்க.”

எல்லோரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். நேற்று வரை அண்ணி, அண்ணி என்று என் கையால் சாப்பிட்டவர்கள். ஒருவன் கண்ணிலும் எனக்குத் தெரிந்த ஆள் இல்லை. எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். தம்பி என்னைப் பார்த்தபடியே இருந்தான், கம்பைக் கீழே போடவும் இல்லை, தூக்கவும் இல்லை.

“ஆமா, நான்தான்,” என்றேன் மறுபடியும். “அந்த மனுஷனத் தொடாதீங்க.”

அப்போது என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறி வந்தார். வேகமாக, இரண்டிரண்டு படியாக. மூச்சு வாங்கியது. கோபம் வந்தால் பாத்திரம் பறக்கும், வாஸ்தவம். ஆனால் இத்தனை வருஷத்தில் என்னை அவர் ஒரு அடி அடித்ததில்லை. ஊரறிய அவர் மானத்தை வாங்கிவிட்டேனே என்று நான் கதவோடு ஒண்டினேன்.

அவர் கை காலியாக இருந்தது. கம்பைக் கீழேயே போட்டுவிட்டு, எனக்கு முன்னால் மறித்து நிற்கத்தான் ஓடி வந்திருந்தார். ஆனால் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் முதலில் கையைப் பார்த்ததை, அவர் பார்த்துவிட்டார்.