இருபத்தொரு நாள் தீவனம்

டெல்பின் கையுறையைக் கழற்றியதை நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி ஆகிவிடும்.

ஓட்டப்பிடாரம் போகும் வழியில் ஒரு தனியார் மீன்பண்ணையில் என் முனைவர் பட்ட ஆய்வு நடந்தது. ஜிலேபி மீனில் ஆண்தான் வேகமாக வளரும். அதனால் குஞ்சுகளுக்குப் பத்தாம் நாள் தொடங்கி இருபத்தொரு நாள் ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் போடுவார்கள். பெண்ணாக வேண்டிய குஞ்சும் ஆணாகிவிடும். அந்த நாட்களில் குஞ்சின் உடம்புக்குள் எந்த மரபணு விழிக்கிறது, எது அடங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. பெண் மீனைப் பெண்ணாக வைத்திருக்கும் மரபணு ஒன்று உண்டு. இந்தத் தீவனம் தின்ற ஒரு வாரத்தில் அது அடங்கிப்போகும்.

தீவனம் கலந்தவள் டெல்பின். திரேஸ்புரத்துப் பெண். கணவன் டிக்சன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இரண்டு முறை கரு கலைந்திருந்தது.

ஸ்பிரிட்டில் கரைத்த ஹார்மோனைத் தீவன மாவில் தெளித்து விரவ வேண்டும். கையுறை போட்டு விரவினால் கட்டி கட்டியாக நிற்கும். அப்படிக் கலந்த முதல் இரண்டு தொட்டிகளில் பாதிக் குஞ்சு பெண்ணாகவே நின்றுவிட்டது. என் பேராசிரியர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் முறை டெல்பின் கையுறையை உருவிப் போட்டுவிட்டு, புட்டுக்கு மாவு விரவுவதுபோல விரல் நுனியால் உதிர்த்தாள்.

“கைக்கு ஜில்லுன்னு இருக்குக்கா. இப்பப் பாருங்க, ஒரு கட்டி கெடையாது.”

அந்தத் தொட்டியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஆண். அதற்குப் பிறகு அவள் கையுறை போடவே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று சந்தோஷத்தில் அவளுக்கு மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன்.

தீவனம் கலக்கும் அறைக்குள் கர்ப்பிணிகள் வரக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவளும் நான்தான். மாதாமாதம் கேட்கவும் செய்வேன்.

“ஏளா, முழுகாம கிழுகாம இருக்கியா?”

“நமக்கு எங்கக்கா அதெல்லாம்” என்று சிரிப்பாள்.

நாலாம் மாதம் பிறந்த பிறகுதான் சொன்னாள்.

“மூணு மாசம் முடியாம யார்ட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாவக்கா. போன ரெண்டு தடவையும் சொல்லித்தான் கண்ணு பட்டுப் போச்சு.”

அந்த மருந்து தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும். கருவில் ஆண் உறுப்பா பெண் உறுப்பா என்று உருவாகத் தொடங்குவது அந்த மூன்று மாதத்தில்தான். அவள் மறைத்ததும் வெறுங்கையால் விரவியதும் அதே மாதங்கள். அன்றே அவளை வலை கழுவும் வேலைக்கு மாற்றினேன். மருந்து வாடை ஆகாது என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொன்னால் பயத்திலேயே இதுவும் கலைந்துவிடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், ஆய்வை நிறுத்திவிடுவார்களே என்றுதான் பயந்தேன்.

பிள்ளை பிறந்த அன்று டிக்சன் போன் செய்தான்.

“ஜெமியக்கா, புள்ள நல்லாருக்குன்னு சொல்லுதாவ. ஆணா பொண்ணான்னு கேட்டா ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்காவ. நீங்க படிச்சவங்க, கொஞ்சம் வாங்கக்கா.”

போனேன். உள்ளே கருப்பை இருக்கிறது, வெளியே பார்த்தால் பெண் என்று சொல்ல முடியவில்லை, இன்னும் பரிசோதனைகள் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். ஆரம்பத்தில் ஏதாவது மருந்து எடுத்தாயா என்று டெல்பினிடம் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

“மாதா சத்தியமா ஒண்ணும் திங்கல டாக்டர்.”

“நாட்டு மருந்து எதுவும் தின்னியாளா? உண்மையச் சொல்லு.” டிக்சனின் குரல் உயர்ந்தது. இன்னும் ஒரு நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பழி ஆயுசுக்கும் அவள் தலையில்தான்.

மருந்தின் பெயரைச் சொன்னேன். எத்தனை மாதம் என்று சொன்னேன். கையுறை இல்லாமல், நான் பார்த்துக்கொண்டிருக்க, என்றும் சொன்னேன். அதனால்தான் என்று இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்று டாக்டர் எழுதிக்கொண்டார். டெல்பின் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபமே இல்லை. அப்போதும் என்னை நம்பினாள், பாவி.

“அது மீனுக்குப் போடுததுல்லாக்கா? மனுசர அது என்ன செய்யும்?”

மீனுக்கும் மனிதருக்கும் அந்த மரபணு ஏறக்குறைய ஒன்றுதான் என்று என் ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதை அவளிடம் சொன்னேன்.

நர்ஸ் பாலூட்டப் பிள்ளையைக் கொண்டுவந்து நீட்டினாள். டெல்பின் தன் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். பிள்ளை வீறிட்டு அழுதது. அவள் கையை வெளியே எடுக்கவே இல்லை.